எச்சில் இலையும் எட்டரை மணிப் பேருந்தும்



எங்கள் பங்கின் திருவிழா முடிந்த மறுநாள் காலை, சமையற்கொட்டகையின் பின்புறம் எச்சில் இலைகள் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. இலையோடு சோறும், சோற்றோடு காய்கறித் தோலும், எலும்பும், நெகிழிக் குவளையும் கலந்து கிடந்த அக்குவியலை நகராட்சி வண்டி வந்து அள்ளிச் சென்றது. எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்பதை நான் கேட்டறியத் தேவையில்லை. ஊர்க்கோடியில் ஏரிக்கரையை ஒட்டி, நம் பங்கைச் சேர்ந்த நாற்பது குடும்பங்களின் வீட்டு வாசலுக்கு எதிரே, ஆண்டாண்டாக வளர்ந்துவரும் குப்பைமேடு ஒன்று இருக்கிறது. திருவிழா விருந்தின் மிச்சமும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலையே அத்தெரு மக்கள் பதினைந்து பேர் கையில் ஒரு மனுவோடு என்னைப் பார்க்க வந்தனர். அம்மேட்டுக்கு அருகில் கழிவிலிருந்து எரிவாயு எடுத்து, அதைக் கொண்டு வாகனங்களை ஓட்டும் திட்டம் ஒன்று வரப்போகிறதாம். அதை எதிர்த்து எழுதிய மனுவில் முதற் கையொப்பம் நான் இட வேண்டுமாம்.

"சாமி, மொதல்ல உரக்கிடங்குன்னு சொன்னாங்க. நாத்தம்தான் வந்துச்சு, உரம் வரல்ல. இப்ப காஸ் கிடங்குங்கிறாங்க. வெடிச்சுப்போனா யாரு சாமி பொறுப்பு?" என்றார் மூத்த தாய் ஒருவர். கூட்டத்தில் நின்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரோ, "குப்பையில பஸ் ஓடும்னு யாராவது சொன்னா நம்புற மாதிரியா இருக்கு, சாமி?" என்று சிரித்தார். அறியாத ஒன்றை எதிர்த்தும் ஆதரித்தும் கையொப்பமிடல் தகாது என்று கருதி, ஒரு மாதத் தவணை கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு மாதத்தில் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இவ்விதழில் உங்கள் முன் வைக்கிறேன்.

உண்மையில் இப்பொருள் எனக்கு முற்றிலும் புதிதன்று. நான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் வீட்டுத் தொழுவத்தின் அருகில் சாண எரிவாயுத் தொட்டி ஒன்று இருந்தது. 1981-82இல் நடுவண் அரசு தேசிய அளவில் தொடங்கிய திட்டத்தின் கீழ், மானியத்தோடு ஊருக்கு ஊர் கட்டப்பட்ட தொட்டிகளுள் அதுவும் ஒன்று. நான்கு மாடுகளின் சாணத்தை அம்மா நீர் விட்டுக் கரைத்து ஊற்றுவார். தொட்டியின் மேல் கவிழ்த்திருந்த இரும்பு மிடா வாயு சேரச் சேர மேலெழும். அடுப்பு எரிய எரியக் கீழிறங்கும். அது எழுவதும் தாழ்வதும் எங்களுக்கு வேடிக்கை. அதன்மேல் ஏறி நின்று அப்பாவிடம் அடி வாங்கியதும் உண்டு. புகையில்லாத நீலச் சுடரில் அம்மா காப்பி கொதிக்க வைத்த முதல் நாளன்று அண்டை வீட்டார் அனைவரும் வந்து பார்த்தனர். ஆறேழு ஆண்டுகளில் மிடா துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. மானியம் கொடுக்க ஆள் இருந்தது. ஒட்டுப்போட ஆள் இல்லை. அம்மா மீண்டும் விறகுக்கே திரும்பினார். புதிய திட்டம் எதனைப் பற்றிக் கேட்டாலும் இன்றுவரை என் மனத்தில் எழும் முதற் கேள்வி, பழுதுபட்டால் பார்ப்பவர் யார் என்பதே.

இவ்வாயுவின் வரலாறு நெடியது. 1776ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் அலெசாந்திரோ வோல்ட்டா, மஜோரே ஏரியின் சேற்றைக் கோலால் கிளறி, மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்து, அது தீப்பற்றி எரிவதைக் கண்டார். பின்னாளில் மீத்தேன் எனப் பெயர் பெற்றது அதுவே. 1895இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரில் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கிடைத்த வாயுவால் தெருவிளக்கு எரித்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் பம்பாயின் மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்திலும் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கேற்றினர். ஊர் ஒதுக்கி வைத்த மக்களின் இல்லத்தில், ஊர் ஒதுக்கிய பொருளிலிருந்து ஒளி பிறந்தது என்னும் இச்செய்தியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

வாகனம் ஓட்டிய கதையும் பழையதே. 1970-களில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஹெரால்டு பேட் என்னும் முதியவர், கோழி எருவிலிருந்தும் பன்றிச் சாணத்திலிருந்தும் வாயு எடுத்துத் தம் பழைய ஹில்மன் காரை ஓட்டினார். கனடா நாட்டுத் திரைப்பட நிறுவனம் 1974இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தது. அன்று உலகம் அவரை விந்தை மனிதராகப் பார்த்துச் சிரித்தது, நம் ஓட்டுநர் சிரித்ததைப் போலவே.

இனி, எச்சில் இலை எவ்வாறு எரிபொருளாகிறது என்பதைப் பார்ப்போம். காற்றுப் புகாத பெருங்கலம் ஒன்றில் கழிவைக் கூழாக்கி நிரப்பி, ஏறக்குறைய உடல் வெப்பத்தில், அதாவது 35 முதல் 40 பாகை செல்சியசில், மூன்று நான்கு வாரங்கள் வைக்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்கின்றன. முதலில் வரும் கூட்டம் மாவையும் கொழுப்பையும் கரைக்கிறது. அடுத்தது அவற்றை அமிலமாக்குகிறது. இறுதியில் வருவது அமிலத்திலிருந்து மீத்தேனை உண்டாக்குகிறது. மாட்டின் இரைப்பையில் நாள்தோறும் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. கடைசிக் கூட்டம் மிகவும் மெல்லிய இயல்புடையது. ஒரே நாளில் அளவுக்கு மீறி உணவுக் கழிவைக் கொட்டினால் அமிலம் பெருகி அது மடிந்துவிடும். பின்பு கலத்தை மீண்டும் உயிர்ப்பிக்க வாரக்கணக்காகும். திருவிழா மறுநாள் நாம் அனுப்பும் வண்டி விருந்தளிப்பதாய் எண்ணி அதற்கு அசீரணத்தைக் கொடுத்துவிடக் கூடும்!

இவ்வாறு கிடைக்கும் வாயுவில் மீத்தேன் நூற்றுக்கு 50 முதல் 65 பங்கு வரைதான். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயு. அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் நீராவியும் சிறிதளவு கலந்திருக்கும். அடுப்புக்கு இது போதும், எஞ்சினுக்கு ஆகாது. கரியமில வாயு எரியாது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் சல்பைடோ உலோகத்தை அரித்துவிடும். எனவே வாயுவைச் சுத்திகரிக்க வேண்டும். அதற்குரிய முறைகளுள் எளிதில் விளங்குவது நீரால் கழுவும் முறை: அழுத்தத்தில் நீரைப் பொழிந்து அதனூடே வாயுவைச் செலுத்தினால், கரியமில வாயு நீரில் கரைந்து போகும், மீத்தேன் கரையாமல் மேலே வரும். சோடா புட்டியில் நடப்பதும் இதுதான். இந்தியத் தர அமைவனம் 2016இல் வகுத்த விதிப்படி, வாகனத்திற்குரிய வாயுவில் மீத்தேன் நூற்றுக்கு 90 பங்குக்குக் குறையக் கூடாது. அதைக் காற்றழுத்தத்தைப் போல் இருநூறு மடங்குக்கு மேல் அழுத்தி உருளைகளில் அடைத்துவிட்டால், நிலத்தடியிலிருந்து எடுக்கும் சி.என்.ஜி.க்கும் இதற்கும் எஞ்சின் வேற்றுமை அறியாது. ஒன்று பல கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த உயிர்களிலிருந்து வந்தது. மற்றது போன வாரத்து வாழையிலையிலிருந்து வந்தது.

ஓட்டுநருக்கு நான் காட்ட விரும்பிய ஊர் சுவீடன் நாட்டின் லின்ஷோப்பிங். டீசல் பேருந்துகளின் புகையால் நகரின் நடுப்பகுதியில் காற்று கெட்டுவிட்டதென்று கவலைப்பட்ட அந்நகரத்தார், 1990-களின் தொடக்கத்தில் சில பேருந்துகளை மட்டும் உயிரி வாயுவில் ஓட்டிப் பார்த்தனர். 1997இல் பெரிய நிலையம் ஒன்றைக் கட்டினர். இறைச்சிக் கூடத்துக் கழிவும், பண்ணை எருவும், உணவுத் தொழிற்சாலைகளின் மிச்சமும் அதற்குத் தீனி. 2002இல் நகரப் பேருந்துகள் அனைத்தும் அவ்வாயுவிலேயே ஓடின. 2005இல் அங்கிருந்து கடற்கரை நகரான வெஸ்டெர்விக் வரை இரயில் ஒன்றும் அதே வாயுவில் ஓடியது; உலகில் அதுவே முதலாவது. இதில் என்னைக் கவர்ந்த செய்தி வேறொன்று. சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த கள்ளக்கடத்தல் மதுவை முன்பெல்லாம் சாக்கடையில் ஊற்றி வந்தனர். பின்பு அதனையும் அந்த நிலையத்துக் கலத்தில் ஊற்றி எரிவாயுவாக்கினர். மதுவினால் பயன் உண்டென்று நான் எழுதும் நாளும் வருமென்று கனவிலும் எண்ணியதில்லை.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2014இல் ஓடிய பேருந்தின் கதையை மேசையில் உணவிருக்கும்போது படிக்க வேண்டாம். மனிதக் கழிவிலிருந்தும் உணவுக் கழிவிலிருந்தும் எடுத்த வாயுவில் அது ஓடியது. ஐந்து பேரின் ஓராண்டுக் கழிவு ஒரு முறை உருளை நிரப்பப் போதும். அதில் 300 கிலோமீட்டர் செல்லலாம் என்று கணக்குக் கூறினர். 

நம் நாட்டிற்கு வருவோம். மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில் தேவ்குராடியா என்னுமிடத்தில் நம் ஏரிக்கரை மேட்டைவிடப் பன்மடங்கு பெரிய குப்பைமலை இருந்தது. பழைய குப்பை ஏறத்தாழ 13 இலட்சம் டன். அதனை முதலில் கிளறி, சலித்து, பிரித்து அகற்றினர். அதன் பின்னரே அங்கு எரிவாயு நிலையம் எழுந்தது. 2022 பிப்ரவரி 19 அன்று பிரதமர் அதைத் திறந்து வைத்தார். நாளொன்றுக்கு 550 டன் ஈரக் கழிவை உண்டு, 17,000 கிலோ எரிவாயுவும் 100 டன் உரமும் தரத்தக்கதாக அது கட்டப்பட்டுள்ளது. தனியார் முதலீட்டில் அமைந்த அந்நிலையம், மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் இரண்டரைக் கோடி ரூபாய் தருவதாக ஒப்பந்தம். வாயுவில் பாதியையேனும் மாநகராட்சி வாங்கி நகரப் பேருந்துகளுக்கு ஊற்ற வேண்டும் என்பதும் ஒப்பந்தமே. ஆயினும் இந்தூரின் வெற்றி அந்த இரும்புக் கலத்தில் இல்லை; அந்நகரத்து அடுக்களைகளில் இருக்கிறது. பல ஆண்டுகளாக வீடுதோறும் ஈரக் கழிவு வேறு, உலர் கழிவு வேறு என்று பிரித்துக் கொடுக்கும் பழக்கம் அங்கே ஊன்றிவிட்டது. நெகிழியும் கண்ணாடியும் கலந்த கழிவைக் கலத்தில் இட்டால் குழாய் அடைபடும். வரும் உரத்தையும் எந்த உழவரும் தொட மாட்டார். நம் மாநிலத்திலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. கோழிப் பண்ணைகள் மலிந்த நாமக்கல் மாவட்டத்தில், புதுச்சத்திரத்தில் கோழி எருவை மூலப்பொருளாகக் கொண்டு எடுக்கப்பட்ட வாயு 2020 முதல் வாகனங்களுக்கு விற்பனைக்கு வந்தது.

கணக்கறிந்த வாசகர்கள் இவ்விடத்தில் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். இந்தூர் நிலையத்தின் அளவைக் கொண்டு வகுத்தால், ஒரு டன் ஈரக் கழிவுக்கு 31 கிலோ வாயு கிடைக்கிறது. எங்கள் ஊரில் எண்ணாயிரம் வீடுகள். வீட்டுக்கு அரைக் கிலோ என்றால் நாளொன்றுக்கு நான்கு டன். வாயு 124 கிலோ. பேருந்து ஒன்று கிலோவுக்கு மூன்று கிலோமீட்டர் ஓடும் எனக் கொண்டால், சுமார் 370 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து எட்டரை மணிக்குப் புறப்பட்டு மாவட்டத் தலைநகருக்குச் சென்று திரும்பும் பேருந்து, நாள் முழுதும் ஓடும் தொலைவு 220 கிலோமீட்டர். ஆக, முழு ஊரின் அடுக்களைகளும் சேர்ந்தால் இரண்டு பேருந்துகளைக்கூட முழுமையாக ஓட்ட இயலாது! மாட்டுச் சாணத்திற்கும் இதே கணக்குத்தான். பத்து மாடுகளின் ஒரு நாள் சாணம் நூறு கிலோ. அதிலிருந்து நான்கு கன மீட்டர் வாயு. சுத்திகரித்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். சிறிய கார் ஒன்று ஒரு நாள் நகரில் ஓடலாம். டீசல் முழுவதையும் குப்பை ஒழித்துவிடும் என்று மேடையில் முழங்குவோரை நம்ப வேண்டாம்.

அப்படியாயின் எதற்கு இந்தப் பாடு? சென்னையில் 2025 முதல் மின்சாரப் பேருந்துகளும் ஓடத் தொடங்கிவிட்டனவே என்றும் கேட்கலாம். பேருந்து மின்சாரத்தில் ஓடினாலும் எச்சில் இலை இருந்த இடத்திலேயேதான் இருக்கும். வெடித்துப்போனால் யார் பொறுப்பு என்று கேட்ட அந்தத் தாய் ஒன்றை அறிந்திருக்கவில்லை: அவர் அஞ்சும் வாயு இன்றே அந்த மேட்டுக்குள் இருக்கிறது. காற்றுப் புகாத ஆழத்தில் ஈரக் கழிவு புதைந்தால், கலம் இல்லாமலேயே மீத்தேன் உண்டாகும். தீயை விடாது பிடித்துவைத்து எரியச் செய்வதும் அதுவே. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நாட்கணக்கில் எரிந்தது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரத்தில் பற்றிய தீயை அணைத்து முடிக்க ஏறத்தாழ இரு வாரம் ஆயிற்று. நகரமே புகையில் மூழ்கியது. எரியாமல் வெறுமனே கசிந்தாலும் கேடுதான். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், பூமியைச் சூடேற்றுவதில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு வலியது. அதைப் பிடித்து எரித்துவிட்டால் அக்கேடு பெரிதும் குறைகிறது. கூடவே அவ்வளவு டீசலும் மிச்சம். உருளையிலுள்ள வாயுவைப் பற்றியும் ஒரு சொல்: மீத்தேன் காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே பறந்துவிடும். நம் சமையலறை எரிவாயுவோ கனமானது, தரையிலேயே தேங்கும். இரண்டையும் மதித்துத்தான் கையாள வேண்டும். வாகன உருளையை மூன்றாண்டுக்கொரு முறை சோதித்தாக வேண்டும் என்பது விதி.

மறுபக்கத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். செருமனியில் இவ்வாயுவுக்கு அரசு தாராளமாக விலை கொடுத்தபோது, உழவர்கள் கழிவை விட்டுவிட்டு, கலத்திற்குத் தீனியாகவே மக்காச்சோளம் பயிரிட்டனர். உணவு விளைந்த நிலத்தில் எரிபொருள் விளைந்தது. கலத்தில் இடும் மக்காச்சோளம் நூற்றுக்கு 60 பங்கைத் தாண்டக் கூடாதென்று 2012இல் சட்டத்தாலேயே தடுக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் 2018 அக்டோபரில் தொடங்கிய திட்டம் ஒன்று, 2023க்குள் ஐயாயிரம் நிலையங்கள் அமைப்போம் என்றது. நூற்றுக்கு ஐந்து பங்குகூட நிறைவேறவில்லை. பிரித்த கழிவு கிடைக்கவில்லை, வங்கிக் கடன் எளிதாயில்லை, எஞ்சும் உரத்தை வாங்க ஆளில்லை என்று காரணங்கள் பல. நிலையத்திலேயே குழாய் கசிந்தால், பூமிக்குச் செய்வதாகச் சொன்ன நன்மையில் பெரும்பங்கு அங்கேயே பறந்து போகும். என் அம்மாவின் மிடாவில் விழுந்த ஓட்டை எவ்வளவு பெரிய கலத்திலும் விழக் கூடும்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது வேறு. நான்கு டன்னுக்காக எவரும் நிலையம் கட்ட மாட்டார்கள். நகராட்சிப் பொறியாளரிடம் விசாரித்தபோது, சுற்றியுள்ள ஆறு ஊர்களின் கழிவும் நம் ஏரிக்கரைக்கே வருமென்று ஒப்புக்கொண்டார். ஆறு ஊர்களின் பேருந்துகள் ஓட, நாற்பது குடும்பங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பதா? எந்தத் திட்டம் வந்தாலும், உரமாயினும் எரிவாயுவாயினும், வண்டிகள் ஏன் எப்போதும் அந்தத் தெருவையே தேடி வருகின்றன? இக்கேள்விக்குப் பொறியாளர் விடை கூறவில்லை. தேநீர் மட்டும் வரவழைத்துக் கொடுத்தார்.

தவணை முடிந்த ஞாயிறன்று அத்தெருவினர் மீண்டும் வந்தனர். மேற்கண்டவற்றையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். இரண்டு மணி நேரம் வாதிட்டோம். "அப்ப மேடு இப்படியே கெடந்து எரியட்டுங்கிறதா, இல்ல காஸ் வரட்டுங்கிறதா?" என்று ஓர் இளைஞர் கோபமாகக் கேட்டார். "ரெண்டும் இல்ல. மேடு போன பெறகு வரட்டும்" என்றார் அந்த மூத்த தாய். நான் ஒரு மாதம் படித்து வந்து சேர்ந்த இடத்தை அவர் ஒரு வரியில் எட்டிவிட்டார்.

பழைய மனுவை ஒதுக்கிவிட்டு, அன்றிரவே புதிதாக ஒன்று எழுதினோம். இந்தூரில் செய்ததுபோல் பழைய மேட்டை முதலில் அகற்ற வேண்டும். அதற்கு முன் அடிக்கல் நாட்டக் கூடாது. பிரிக்காத கழிவை ஏற்றி வரும் வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். வண்டிகள் குடியிருப்பு வழியே வராமல் ஏரியின் வடகரைச் சாலையில் வர வேண்டும். இறக்கும் இடம் மூடிய கொட்டகையாய் இருக்க வேண்டும். வாயு கசிகிறதா என்று மாதந்தோறும் சோதித்து, முடிவைத் தெருவாசிகள் முன் படிக்க வேண்டும். பழுதுபார்க்கும் பொறுப்பு யாருக்கு, எத்தனை நாளைக்குள் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். இந்தக் கடைசி வாசகத்தை நான் வற்புறுத்திச் சேர்த்தேன். வேலைவாய்ப்பில் அத்தெருவினருக்கு முதலிடம் என்பதை இளைஞர்கள் சேர்த்தனர். நானும் கையொப்பமிட்டேன், முதலாவதாக அன்று, நாற்பத்திரண்டாவதாக.

பங்கு இல்லத்தின் சமையலறையில் இப்போது இரண்டு வாளிகள் இருக்கின்றன. பச்சை வாளியில் தேயிலைச் சக்கையோடு பிஸ்கட் தாளையும் போட்டதற்காக, சமையற்கார அம்மாவிடம் சென்ற வாரம் நான் இரண்டு முறை திட்டு வாங்கினேன். அடுத்த ஆண்டுத் திருவிழா விருந்தில் நெகிழிக் குவளை கிடையாது என்று பங்குப் பேரவையும் முடிவெடுத்திருக்கிறது. குவளைக்கு மாற்று என்ன என்பதில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை.

மனுவை ஆணையரிடம் நேரில் கொடுத்துப் பதினெட்டு நாட்கள் ஆகின்றன. பதில் வந்ததும் எழுதுகிறேன்.